‘மோட்டாரைத் தூக்காதே!’ - எழுதி ஒட்டிய ஒரு குறிப்பு எத்தனை வருஷம் உழைக்கும்?

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் இறங்கி, டூவீலரில் பத்து நிமிஷம் போனால் மாமாவின் கரும்புத் தோட்டம் வந்துவிடும். ஏப்ரலில் நான் போன அன்று மாமா முகமே சரியில்லை.

“தண்ணி பாதிதான் வருது பாப்பா. நேத்துலேர்ந்து இப்படித்தான்.”

மறுதாம்புக் கரும்பு. வெயில் வேறு கொளுத்துகிறது. ஒரு வாரம் தண்ணீர் சரியாகப் பாயவில்லை என்றால் பயிர் வாடிவிடும். மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார். “போர்ல தண்ணி இறங்கியிருக்கும், இல்லன்னா பம்பு தேஞ்சிருக்கும். எதுக்கும் மோட்டாரைத் தூக்கிப் பார்த்துடலாம்ணே” என்றார். போர்வெல்லில் 310 அடியில் கிடக்கிற மோட்டாரைத் தூக்குவது என்றால் சும்மா இல்லை. பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஆள் கூலி, வண்டி வாடகை என்று ஏழெட்டாயிரம் போகும். தூக்கிய பிறகு பம்பில் கோளாறு இருந்தால் அது தனிச் செலவு. மாமா கணக்குப் போட்டுக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் காலண்டர் தாள் ஒன்று, பழுத்துப்போன செல்லோ டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க வெள்ளையில் பால்பாயின்ட் பேனாவால் நுணுக்கி நுணுக்கி எழுத்து.

“அதுவா? நம்ம ஒயர்மேன் அண்ணன் எழுதினது. அவரு போயி நாலு வருஷம் ஆச்சு” என்றார் மாமா.

அதைப் படித்துக்கொண்டே வந்த மெக்கானிக் தம்பி பாதியில் நிறுத்தினார். “அண்ணே, முந்தாநாள் டிரான்ஸ்பார்மர் மாத்தினாங்கதானே?” ஆமாம் என்றார் மாமா. தம்பி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மெயினை ஆஃப் செய்தார், லைன் வயர்களில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார், ஸ்டார்ட்டரை அழுத்தினார். தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மொத்தச் செலவு, மூன்று டீ.

இறந்துபோன ஒருவர் எழுதி ஒட்டிய தாள்தான் அன்றைக்கு அந்தத் தோட்டத்தின் பிரச்னையைத் தீர்த்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தாளில் அப்படி என்ன இருந்தது?

போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரி: 5 எச்.பி., இறக்கினது 310 அடி, 2013 தை மாசம். அடுத்து, ரிலே 9-ல் வெச்சிருக்கேன், ட்ரிப் ஆகுதுன்னு ஏத்தாதே. நல்லா ஓடும்போது எட்டரை ஆம்ஸ் காட்டும். ஆறுக்குக் கீழே இறங்கினா போர்ல தண்ணி இல்லைன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணு, ரெண்டு மணி நேரம் விடு. ஆம்ஸ் ஏறி நின்னா மணல் பிடிக்குது. ஆம்ஸ் சரியா இருந்தும் தண்ணி கம்மின்னா பைப்புல ஓட்டை இருக்கும்.

கடைசியில், அடிக்கோடு போட்டு: லைன் வேலையோ டிரான்ஸ்பார்மர் வேலையோ நடந்தப்புறம் தண்ணி பாதியா வந்தா மோட்டாரைத் தூக்காதே. தலைகீழா சுத்துது. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏதாவது ரெண்டு வயரை இடம் மாத்து. 2014-ல தெரியாம தூக்கிட்டோம், வீண் செலவு.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் எளிமையானது. த்ரீ ஃபேஸ் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை மூன்று வயர்களின் வரிசைதான் தீர்மானிக்கிறது. ஏதாவது இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வேலையில் அந்த வரிசை மாறிவிட வாய்ப்பு உண்டு. மேலே தெரிகிற மோட்டார் என்றால் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நீர்மூழ்கி மோட்டார் 310 அடி ஆழத்தில் இருட்டில் சுற்றுகிறது, யார் பார்ப்பது? தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதுதான் இதில் இருக்கும் ஏமாற்று. முழுக்க நின்றுபோயிருந்தால் வயரைச் சந்தேகப்பட்டிருப்போம். பாதி வந்ததால் பம்பைச் சந்தேகப்பட்டோம். (இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தாளை அவரிடம் காட்டுங்கள்.)

நமக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ‘ரிலே செக் பண்ணுங்க’, ‘நல்ல கம்பெனி மோட்டாரா போடுங்க’ என்று யாரும் சொல்வார்கள். ஒயர்மேன் அண்ணன் எழுதியது அந்த ரகம் இல்லை. எண் இருக்கிறது, அலகு இருக்கிறது, தேதி இருக்கிறது. எந்த அறிகுறிக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், தன் தப்பை எழுதி வைத்திருக்கிறார். ‘2014-ல தெரியாம தூக்கிட்டோம்’ என்ற அந்த வரி இல்லாவிட்டால், மெக்கானிக் தம்பி அதை அவ்வளவு சீரியஸாக எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இதே ஊரில்

திருவாலங்காடு என்றதும் சிலருக்கு நடராஜரின் ரத்தின சபை ஞாபகம் வரும், சிலருக்குக் காரைக்கால் அம்மையார். சரித்திரம் படிப்பவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது செப்பேடுகள்.

1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டில் மொத்தம் 31 ஏடுகள். சோழ முத்திரை பதித்த ஒரு பெரிய வளையத்தில் சாவிக்கொத்து மாதிரி கோத்தவை. முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்திதான் அதன் அடிப்படை. சமஸ்கிருதப் பகுதியில் சோழர் வம்சாவளி வருகிறது. ‘பொன்னியின் செல்வன்’ கதையின் பெரிய முடிச்சான, அருள்மொழி தன் சித்தப்பாவுக்காக ராஜ்யத்தை விட்டுக்கொடுத்த செய்தி இந்தச் செப்பேட்டில்தான் இருக்கிறது. அதனால் எல்லோருடைய கண்ணும் அந்தப் பகுதிமேல்தான்.

எனக்குப் பிடித்தது தமிழ்ப் பகுதி. அங்கே புகழ்ச்சி குறைவு, வேலை அதிகம். கொடுத்த நிலம் எங்கே தொடங்குகிறது, எந்த வாய்க்காலை ஒட்டித் திரும்புகிறது, எது கோயிலுக்குச் சேரும் என்று போகிறது. சோழர் காலத்தில் இப்படி ஓர் ஊரைக் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை நெடுக நடத்திக் கூட்டிப்போய், அது போன வழியைக் குறித்துக்கொள்வது வழக்கம். இன்றைக்கு ஜி.பி.எஸ். பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. ‘பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தோம்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே? முடித்திருந்தால் அடுத்த தலைமுறையிலேயே வரப்புச் சண்டை வந்திருக்கும். எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

செப்புத் தகடு அழியாமல் இருந்தது ஒரு பக்கம். 1920-ல் அது ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் மூல வரிகளோடு அச்சாகி வெளிவந்தது இன்னொரு பக்கம். ஓர் ஊரில் கிடைத்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் வரி வரியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

ரேடியோவில் விளைந்த நெல்

செப்பேடு நிலத்தைப் பற்றிய குறிப்பு. அந்த நிலத்தில் எப்படிப் பயிர் செய்வது என்ற குறிப்பு ஊர் ஊராகப் பரவிய கதை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. தாத்தா, பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் கேட்டுப் பாருங்கள், ‘ரேடியோ நெல்’ என்றால் என்ன என்று.

1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தது. ஜப்பான் வகை நெல்லையும் நம்ம ஊர் ஜி.இ.பி. 24-ஐயும் (நாம் சாப்பிட்ட கிச்சிலி சம்பாதான்) சேர்த்து உருவாக்கியது. சுமார் 105 நாளில் அறுவடை. புது ரகத்துக்குப் பழைய பழக்கம் ஒத்துவராது. நாற்று எத்தனை நாளில் பறிக்க வேண்டும், எவ்வளவு இடைவெளியில் நட வேண்டும், உரத்தை எந்தெந்த நாளில் பிரித்துப் போட வேண்டும் என்று எல்லாமே மாறும். விதையை மட்டும் கையில் கொடுத்தால் பாதி விளைச்சல்தான் வரும்.

அந்த விளக்கம் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்த முக்கிய வழி திருச்சி வானொலி. 1966-ல் ஆகாசவாணி தொடங்கிய பண்ணை ஒலிபரப்புப் பிரிவுகளில் திருச்சியும் ஒன்று. சாயங்காலம் ஊர்ப் பொது ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள், காலையில் வயலில் செய்து பார்த்தார்கள். விதையைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி நிலையம், கொடுத்தது வேளாண் துறை. ஆனாலும் ஜனங்கள் நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. எப்படிச் செய்வது என்று புரியும்படி சொன்னவர் பெயரை அவர்கள் பயிருக்கே சூட்டிவிட்டார்கள்.

ஏ.டி.டி. 27 இன்று வயலில் இல்லை. அதற்குப் பிறகு ஐ.ஆர். ரகங்கள், ஆடுதுறை 36, 43 என்று எத்தனையோ வந்துவிட்டன. பசுமைப் புரட்சி மண்ணுக்கு என்ன செய்தது என்ற சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தல். ரேடியோ கேட்டவர்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தால் மட்டுமே அந்த விளக்கம் மிச்சம். காற்றில் போனது காற்றோடு போயிற்று.

22 கிராம், 3.5 கிராம், 2.5 கிராம்

ரேடியோவில் சொல்வதற்கும் எழுதி வெளியிடுவதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் விஷயத்தில் தெரிந்தது 1971-ல்.

வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் பன்கான் என்ற ஊரில் அகதிகள் குவிந்தார்கள், காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹாலநபிஸ், கல்கத்தாவில் பொட்டலம் போட்டு வரவழைத்த பொடியைத் தண்ணீரில் கரைத்து வாய்வழியாகவே கொடுக்கச் சொன்னார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. நர்ஸ்கள் போதவில்லை, நோயாளியின் அம்மாவும் அக்காவும்தான் கொடுத்தார்கள். அதற்கு முன் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, இவர்கள் கவனித்த நோயாளிகளிடம் 3.6 சதவீதமாக இறங்கியது.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சும் என்ற அறிவியல் முன்பே தெரிந்ததுதான். 1968-ல் டாக்காவில் சோதித்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் அது பயிற்சி பெற்ற டாக்டர்கள் முன்னிலையில் நடந்தது. டாக்டர் இல்லாத இடத்தில், சொந்தக்காரர்கள் கையால் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று காட்டியது பன்கான். அளவு, கரைத்த முறை, யார் கொடுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எல்லாவற்றையும் அந்தக் குழு 1973-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. போர் நடந்துகொண்டிருந்தபோதே வங்கதேசத்தின் ரகசிய வானொலியிலும் இந்தச் செய்முறை போனது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் எனக்கு இன்னும் பிடிக்கும். 1980-ல் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு இதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியது. கிராமத்தில் தராசு ஏது? அதனால் அளவை மாற்றினார்கள். அரை சேர் தண்ணீர், மூன்று விரலில் அள்ளும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். பத்து வருஷத்தில் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீடு போனார்கள் என்பதை வைத்து இல்லை. சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய், அந்த அம்மாவைக் கரைசல் செய்து காட்டச் சொல்வார். சரியாகச் செய்தால்தான் சொல்லிக்கொடுத்தவருக்கு முழுப் பணம். நம்ம ஆபீஸ் டிரெய்னிங் எல்லாவற்றுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் உப்பு, குளுக்கோஸ் அளவுகளைக் குறைத்தது. முந்தைய அளவைவிடக் குறைவானது குழந்தைகளுக்கு மேலும் நல்லது என்று சோதனைகளில் தெரிந்ததால். இன்று மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் அந்தப் புது அளவுதான். அதனால் மேலே உள்ள 1971 அளவை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், பாக்கெட்டில் உள்ளபடி கரையுங்கள். நான் சொல்ல வருவது வேறு. ‘உப்பும் சர்க்கரையும் கலந்து குடிங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தால், திருத்துவதற்கு அதில் எதுவுமே இல்லை. 3.5 கிராம் என்று எழுதியதால்தான் 30 வருஷம் கழித்து வேறு யாரோ ‘அது கொஞ்சம் அதிகம்’ என்று சொல்ல முடிந்தது. மஹாலநபிஸ் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

நீங்கள் படிக்கும் இந்த எழுத்து

இன்னொரு உதாரணம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. போனில் தமிழ் எழுத்து தெரிகிறதே, அது.

90-களில் கம்ப்யூட்டரில் தமிழ் என்றால் ஆளுக்கொரு ஃபான்ட். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித்தனி. அந்த ஃபான்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் திரையில் வருவது வெறும் கிறுக்கல். சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற ஃபான்ட்டை இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, இலங்கை, தமிழ்நாடு என்று சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மாதக்கணக்கில் வெளிப்படையாக மல்லுக்கட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘திஸ்கி’ குறியீட்டு முறை. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள்.

பிறகு யூனிகோடு வந்தது. திஸ்கி காலாவதி ஆனது. ஆனால் திஸ்கியின் எண் அட்டவணை பொதுவில் இருந்தது. எந்த எண் எந்த எழுத்து என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகளை எழுத முடிந்தது. பழைய கோப்புகள் யூனிகோடுக்கு மாறின, மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்று போனிலேயே படிக்கக் கிடைக்கின்றன. அட்டவணையை வெளியே சொல்லாத ஃபான்ட்டில் தட்டி வைத்த எழுத்துகளின் கதி? பழைய ஹார்ட் டிஸ்க் எதையாவது திறந்து பாருங்கள். ஃபைல் இருக்கும், எழுத்து இருக்காது.

அந்த அட்டவணையைப் போட்டவர்கள் ஸ்மார்ட்போனை மனதில் வைத்துப் போடவில்லை. இன்றைய மாதிரி ஸ்மார்ட்போன் அப்போது கிடையாது.

தொழில் ரகசியம் போயிடாதா?

இதை எல்லாம் ஆபீஸில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான், “எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டா நம்மள யாரு மதிப்பாங்க?” நியாயமான கேள்வி. லே ஆஃப் காலத்தில், ‘எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்’ என்பது ஒரு பாதுகாப்பு. ஒயர்மேன் அண்ணனுக்கும் அது பொருந்தும். தாளை ஒட்டாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அவரைத்தானே கூப்பிட்டிருப்பார்கள்?

மாமாவிடம் கேட்டேன். “கூப்பிடறது எங்க குறைஞ்சுது? எழுதி ஒட்டினவரு வந்தாதான் நம்பிக்கைன்னு பக்கத்துக் கொல்லிக்காரங்களும் அவரையே கூப்பிட்டாங்க” என்றார். ஒரு மாமாவின் சொல்லை வைத்துப் பொருளாதாரம் எழுத முடியாதுதான். பெரிய உதாரணம் வேண்டும் என்றால் மதுரைக்குப் போகலாம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை ஆபரேஷனை வேகமாகவும் குறைந்த செலவிலும் செய்வதற்கு ஒரு முறையை வகுத்தது. ஒரு டாக்டர் ஒரு நோயாளியை முடிக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார், ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். வேறு யாராவது என்றால் இதைப் பூட்டி வைத்திருப்பார்கள். அரவிந்த் 1992-ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, இந்தியாவிலும் வெளிநாட்டிலும் உள்ள மற்ற கண் மருத்துவமனைகளுக்கு இந்த நடைமுறைகளையே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. அதனால் அரவிந்துக்கு நோயாளிகள் குறைந்துவிடவில்லை, அது வளர்ந்துகொண்டேதான் போனது. படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் வேறு, தினமும் செய்து கையில் ஏறுகிற விஷயம் வேறு. முதலாவதைக் கொடுத்தாலும் இரண்டாவது நம்மிடமேதான் இருக்கும்.

அதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மஹாலநபிஸுக்குச் சம்பளம் இருந்தது. தினக்கூலி எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது என்பது அரை நாள் வேலை. எழுதச் சொல்கிறவர்கள் அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

வாய்ஸ் நோட் காலம்

இப்போது நம்மிடம் இல்லாத வசதியா? ஆனாலும் விளக்கமாக எழுதி வைப்பது குறைந்துகொண்டே வருகிற மாதிரி தெரிகிறது. மாமா இருக்கும் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நூறு மெசேஜ். நல்ல விஷயம் நிறைய வருகிறது, பெரும்பாலும் வாய்ஸ் நோட்டாக. ஆறு மாசம் கழித்துத் தேடினால் கிடைக்காது. போன் மாற்றினால் அதுவும் போச்சு. ரீல்ஸில் முப்பது வினாடியில் முக்கால்வாசி சொல்லிவிட்டு ‘டீடெயில்ஸ் டிஎம்-ல’ என்பார்கள். நம்ம ஐடி நண்பர்கள் சளைத்தவர்களா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு எர்ரரைச் சரிசெய்துவிட்டு, டீம் சாட்டில் ‘சால்வ்டு ப்ரோ, தேங்க்ஸ்’ என்று போட்டுவிட்டுப் போவார்கள். எப்படி சால்வ் ஆச்சு? அது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே எர்ரர் வரும்போது அவருக்கும் தெரியாது.

‘அதான் ஏஐ இருக்கே, கேட்டா சொல்லிடும்’ என்று தோன்றலாம். சொல்லும். நானே தினமும் கேட்கிறேன். ஆனால் அது படித்ததே, யார் யாரோ பொதுவில் எழுதி வைத்ததைத்தான். திருவாலங்காட்டில் 310 அடியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மோட்டார் எத்தனை ஆம்ஸ் இழுக்கும் என்பது எங்கேயும் இல்லை, அந்தக் காலண்டர் தாளைத் தவிர. தமிழில் இந்த மாதிரி விஷயங்கள் ரொம்பவே குறைவு. 2012-லிருந்து ‘கணியம்’ மாதிரி சில முயற்சிகள் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு வெளியிடுகின்றன. பம்பு செட்டுக்கு, மிக்ஸி ரிப்பேருக்கு, சொட்டுநீர்க் குழாய் அடைப்புக்கு அப்படி யார் எழுதியிருக்கிறார்கள்?

எழுதுவது என்றால் இலக்கியம் படைக்க வேண்டியதில்லை. என்ன பிரச்னை வந்தது, எந்த மாடல், எந்த மாசம் என்று ஆரம்பித்தால் போதும். முதலில் எதை முயற்சி செய்து தோற்றீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், அடுத்தவரின் பணம் மிச்சமாவது அங்கேதான். எண்ணைப் போட்டால் அலகையும் போடுங்கள். மாமா வீட்டு டைரியில் ‘மருந்து 2 போடணும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு மில்லியா, இரண்டு மூடியா, இரண்டு பாட்டிலா என்று இன்று வரை தகராறு. எந்த நிலைமைக்கு இது பொருந்தாது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கரண்ட், மருந்து, கேஸ் சம்பந்தப்பட்டது என்றால் இது சாதாரண எச்சரிக்கை இல்லை. 5 எச்.பி. மோட்டாருக்கு எழுதிய ரிலே அளவை வேறு மோட்டாருக்கு வைத்தால், மோட்டார் எரிந்துபோகலாம். கீழே தேதியும் பெயரும் இருக்கட்டும். தப்பு என்றால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் இல்லையா?

அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும் முன் நானும் மாமாவும் மறுபடி மோட்டார் ரூமுக்குப் போனோம். பழைய தாளின் ஓரம் உதிர ஆரம்பித்திருந்தது. அதைப் பிரிக்க மாமா விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி அதன்மேல் ஒட்டினோம். பக்கத்தில் புதுத் தாள் ஒன்று. நான் எழுத, மாமா சொன்னார்.

“ஏப்ரல்ல டிரான்ஸ்பார்மர் மாத்தினாங்க. தண்ணி பாதியா வந்துச்சு. அண்ணன் எழுதினபடியே ரெண்டு வயரை மாத்தினோம், சரியாயிடுச்சு. இப்போ எட்டே முக்கால் ஆம்ஸ் காட்டுது. போடு பாப்பா, எட்டே முக்கால். முன்னாடி எட்டரைதான் இருந்துச்சு, ஏன் ஏறுச்சுன்னு தெரியல. அதையும் எழுது.”

எழுதினேன்.